பொடி எண் 417

மார்ச் 3, திங்கள்

பதினோரு வருடத்துக்குப் பிறகு இன்று எனக்குக் கையெழுத்து கிடைத்தது.

வெளியில் சொன்னால் யாருக்கும் புரியாது. எங்கள் ஆய்வகத்தில் பொடிகளைக் கொளுத்திப் பார்ப்பது நான். அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுவது எப்போதும் வேறு யாராவது. சமைப்பவள் ஒருத்தி, பரிமாறிப் பெயர் வாங்குபவள் இன்னொருத்தி. இன்று மேலாளர் அறைக்கு அழைத்து ஒரு கடிதத்தை நீட்டினார். தீச்சோதனை அறிக்கைகளில் இனி நானே கையெழுத்திடலாம்.

மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முத்திரை. அலுவலக ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். சாப்பிடப் போனாலும் அது கூடவே போகும்.

"முதல் அறிக்கையில அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதும்மா" என்றார். வாழ்த்தாம் அது.

வீட்டுக்கு வந்து பால் ரசீதின் பின்புறம் பத்துப் பன்னிரண்டு முறை கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கடைசிச் சுழி கொஞ்சம் ஓவர். வால் முளைச்சிருக்குன்னு நினைப்பாங்க" என்றார். நினைக்கட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 5, புதன்

புதுப் பொடி வந்திருக்கிறது. எண் 417. யார் அனுப்பியது என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வரவேற்பறையிலேயே பெயர்ச்சீட்டைப் பிரித்துவிட்டு எண்ணை ஒட்டிவிடுவார்கள். தெரிந்தவர்களின் பொருள் என்று எப்படியாவது தெரிய வந்தால் அதை எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். பதினோரு வருடத்தில் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் பொடி செய்பவர்கள் இல்லை.

அடர் சிவப்பு. ஏதோ இலையின் சாற்றை வற்றவைத்து உலர்த்திய பொடி, சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் நிறம் கொடுக்க. கேள்வி ஒன்றுதான். இது பக்கத்தில் எரிவதைத் தூண்டிவிடுமா? ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்து, சும்மா புகைந்துகொண்டிருப்பதைக் கொழுந்துவிட்டு எரிய வைக்குமா? இந்தக் குணமுள்ள உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். அவர்களைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, பொடிக்குத்தான் தேவை.

முத்திரை உதட்டைப் பிதுக்கினார். "இலைப் பொடிக்கெல்லாம் எதுக்குத் தீச்சோதனை? தேவையில்லன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா போதுமே."

"முழுச் சோதனைதான் கேட்டிருக்காங்க சார். நானே பண்றேன். என்னோட முதல் கையெழுத்துக்கு நல்லா சாதுவா இருக்கட்டும்" என்றேன்.

குப்பியைத் திறந்தால் மூடிக்கு அடியில் வெண்ணெய்த்தாளில் ஒரு வட்டம், ஓரமெல்லாம் பல்லுப் பல்லாகக் கத்தரித்து. யாரோ பொறுமைசாலி. பிடித்திருந்தது.

மார்ச் 6, வியாழன்

செல்லுலோஸைக் காயவைத்தேன். காகிதம் எதனால் ஆனதோ அந்த நார்தான், மாவு மாதிரி வரும். நான்கு மணி நேரம் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, பொடியோடு கலந்து, முப்பது கிராம் குவியலாகக் கொட்டி, அடியில் பழுக்கக் காய்ந்த கம்பியை வைத்து, எரிந்து முடிய எத்தனை நொடி என்று பார்ப்பது. அவ்வளவுதான் என் உத்தியோகம். அதே நாரோடு, தீயைத் தூண்டும் என்று ஊருக்கே தெரிந்த ஓர் உப்பைக் கலந்து முதலில் எரிப்போம். நம் பொடி அதைவிட மெதுவாக எரிந்தால் நல்ல பிள்ளை. வேகமாக எரிந்தால் பெட்டியில் தீச்சின்னம் ஒட்டி, தனி அறையில் பூட்டி, விமானத்தில் ஏற்றாமல், ஆயிரம் கெடுபிடி.

மதியம் அக்கா பேசினாள்.

"என்னடி பண்றே?"

"நாரைக் காயவைக்கிறேன். அத்தான் என்ன பண்றார்? இப்ப எது வளருது?"

"ஒண்ணும் இல்ல. சும்மா தோட்டம்."

"தொழில்னு வளர்த்த மண்புழு ஓடிப் போச்சே, அது மாதிரி தோட்டமும் ஓடிடாம பாத்துக்கச் சொல்லு."

வழக்கமாக ஏதாவது திருப்பிக் கொடுப்பாள். இன்று "அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

சாதுவாம், சாது!

வரிசையாக எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கே நம்பிக்கை வரும். காலையில் ஒப்பிடும் உப்பை எரித்தோம். ஐந்து குவியல், சராசரி தொண்ணூற்றாறு நொடி. நொடி எண்ணுவது என் தோழி. அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் கடிகாரம். பேருந்து தாமதமானால்கூட "நாலு நிமிஷம் பன்னெண்டு நொடி" என்றுதான் சொல்வாள்.

பிறகு 417. பாதி பொடி, பாதி நார். "இதுக்கு அரை மணி ஆகும், தேநீர் குடிச்சிட்டு வந்துடலாமா?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை. உஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஊதா நிறத்தில் சுடர் எழுந்து, படபடவென்று பொரிந்து, குவியலே காணாமல் போனது. கடிகாரம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அறுபத்தெட்டு" என்றாள்.

ஐந்து குவியலும் அப்படித்தான். இலையாவது, இப்படி எரிவதாவது? கரண்டி மாறியிருக்குமோ? ஒப்பிடும் உப்பு ஒட்டியிருந்த கரண்டியால் இதை அள்ளிவிட்டேனோ? இல்லை, கழுவினேன். கழுவினேனா? உருப்பெருக்கியில் பொடியைப் பார்த்தேன், சிவப்புக்கு நடுவே ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம். என் கரண்டியிலிருந்து விழுந்ததா, அங்கிருந்தே வந்ததா?

திங்கட்கிழமை எல்லாவற்றையும் புதிதாக வைத்து மறுபடி செய்வதாக முடிவு. முதல் கையெழுத்து இப்படியா வர வேண்டும்.

மார்ச் 8, சனி

கனவிலும் கரண்டி கழுவினேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனோம். எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

வாசல் அறையில் பெரிய தையல் இயந்திரம் இல்லை. இருபது வருடமாக ஜன்னலோரம் இருந்தது. அந்த இடத்தில் தட்டுத் தட்டாக ஒரு மரச்சட்டம், மேலே போர்வை போட்டு மூடி. "மெஷின் எங்கக்கா?" என்றால் "குடுத்துட்டேன், இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு" என்கிறாள். தையல்காரி சொல்லும் பேச்சா இது? அத்தான் வந்ததிலிருந்து கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. தேநீர்க் கோப்பையை வாங்கியபோதுதான் பார்த்தேன், பத்து நகமும் சிவப்பு.

"என்ன அத்தான், நகச்சாயமா?"

"பெயின்ட்" என்றார். மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது, காது வரைக்கும் சிவந்துவிட்டார்.

சர்க்கரை போதவில்லை என்று சமையலறைக்குப் போனேன். ஜாடியைத் திறந்தேன். மூடிக்கு அடியில் வெண்ணெய்த்தாள் வட்டம். ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக.

அப்படிப் பல்லாக வெட்டும் தையல் கத்தரிக்கோலை அக்காவின் பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஜாடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, அக்கா வந்து "சர்க்கரையை எண்ணிக்கிட்டா இருக்கே?" என்றாள். சிரித்தேன். வேறு என்ன செய்ய? வாயைத் திறந்தால் வேலைக்குத் துரோகம், திறக்காவிட்டால் அக்காவுக்குத் துரோகம்.

இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு இந்தப் பொடியில் இறங்கியிருக்கிறாள். அந்தப் பொடிதான் அறுபத்தெட்டு நொடியில் எரிந்து போயிற்று. ஐயோ, ஏன்க்கா என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

மார்ச் 10, திங்கள்

காலை ஐந்துக்கே முழிப்பு. ஒரு கெட்ட எண்ணம் வந்தது, மறைக்காமல் எழுதி வைக்கிறேன். இன்றைக்கு மறுசோதனை. கரண்டிமேல் சந்தேகம் என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன். கம்பியைக் கொஞ்சம் மேலே வைத்தால், குவியலைக் கொஞ்சம் அழுத்திக் கட்டினால், நொடி கூடும். யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு வியாபாரம், எனக்கு முதல் கையெழுத்து.

அப்புறம் நினைத்துப் பார்த்தேன். அந்தப் பொடி ஒரு மெழுகுவத்திக்குள் போகும். மெழுகுவத்தியை வாங்குபவர் ஒருவர் இருப்பார். அந்த வீட்டில் திரைச்சீலை இருக்கும், தூங்குகிற குழந்தை இருக்கும்.

ஒன்பது மணிக்கு முத்திரையின் அறைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். 417 என் உடன்பிறந்த அக்காவுடையது, விலகிக்கொள்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே படித்தார்.

"எப்படித் தெரிஞ்சுது? அவங்க சொன்னாங்களா?"

"சர்க்கரை ஜாடி சொல்லுச்சு சார்."

முழுக்கதையையும் கேட்டார். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "உங்க முதல் கையெழுத்து போச்சேம்மா" என்றார். அந்த மனிதருக்குள் இவ்வளவு கனிவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "அறிக்கை போய்ச் சேர்ற வரைக்கும் அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது, தெரியுமில்ல?"

தெரியும்.

மறுசோதனையை அவரே செய்தார். கம்பியைத் தொட்டு ஆறு வருடம் ஆகிவிட்டதாம். கையுறையை மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் நடைவழியில் நின்றேன். எரியும்போது கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும், அணைத்ததும் அணையும். எரிந்தது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எழுபதில் அணைந்தது. ஐந்து முறையும் ஏறக்குறைய அப்படித்தான்.

அப்படியென்றால் கரண்டி இல்லை. பொடியேதான். என் தப்பு இல்லை என்று நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மார்ச் 12, புதன்

அக்காவின் அழைப்பு வந்தது. குளியலறையில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். என் வீட்டுக்காரர், "இன்னிக்கு மூணாவது குளியல். உடம்பு கரைஞ்சுடும்" என்கிறார்.

மார்ச் 13, வியாழன்

அறிக்கை தபாலில் போய்விட்டது. முத்திரையின் கையெழுத்து, முத்திரையின் முத்திரை.

மார்ச் 15, சனி

அக்கா வந்தாள். கூட அத்தான், இரண்டு அடி பின்னால்.

செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. அளவு நாடா வைக்கும் பையிலிருந்து அறிக்கையை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"ஏஜென்ட் மூலமா அனுப்பினோம், எந்த லேபுன்னு இதைப் பாத்துத்தான் தெரியுது. இதுல இருக்கிறது உன் ஆபீஸ் பேருதானே?"

"ஆமாக்கா."

"உனக்குத் தெரியுமா?"

"போன ஞாயித்துக்கிழமைதான் தெரியும்."

"தெரிஞ்சும் என் வீட்டுல உக்காந்து தேநீர் குடிச்சிட்டு, சிரிச்சிட்டுப் போனியா?"

விதியைச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டு விலகியதைச் சொன்னேன். எல்லாம் சரிதான், ஆனால் சொல்லச் சொல்ல அது எனக்கே ஒரு அரசாங்கக் கடிதம் மாதிரி கேட்டது. கோபம் வந்தது எனக்கு.

"நீ மட்டும்? மெஷினைக் குடுத்துட்டு ஒரு தொழில்ல இறங்குறே, பொடி பொடியா எரிக்கிறவ கூடப் பொறந்திருக்கேன், என்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா என்னை நேராகப் பார்த்தாள். "நீ சிரிப்பேடி" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"காளானுக்குச் சிரிச்சே. மண்புழுவுக்கு ஒரு வருஷம் சிரிச்சே. உன் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அந்தக் கதையைத்தான் சொல்றே. இவர் எழுந்து வெளிய போய் நிப்பார், நீ பாத்திருக்க மாட்டே. இது நடந்து, மெழுகுவத்திக் கம்பெனி வாங்கி, முதல் மெழுகுவத்தியைக் கொண்டுவந்து உன் கையில குடுத்துட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்ப உன்னால சிரிக்க முடியாதில்ல."

அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அழுதேன். "தப்புதான்க்கா" என்றேன். வேடிக்கையாகப் பேசுகிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் வெளியே போய் நின்றதை நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? எதிரே உட்கார்ந்துதானே சிரித்தேன்?

பிறகு நான்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டதால் இனி கேட்கலாம் என்று நினைத்து, அத்தானிடம் கேட்டேன். "அந்தச் செடிக்கு என்ன போட்டீங்க அத்தான்?"

உரம் என்றதும் மனிதருக்கு உயிர் வந்தது. திரும்பினார். "மத்த பாத்திக்கெல்லாம் வெறும் மக்கின குப்பைதான். லேபுக்குப் போறதுக்குன்னு மட்டும் தனியா ஒரு பாத்தி வச்சேன்."

"தனியாவா?"

"பரிட்சைக்குப் போற பிள்ளை இல்லையா? நல்லா போஷாக்கா போகட்டும்னு கடையில வெள்ளை உரம் வாங்கி, அவன் சொன்னதுக்கு நாலு மடங்கு தண்ணில கரைச்சு ஊத்தினேன். பறிக்கிற அன்னிக்குக் காலைலகூட ஒரு வாளி. இலை ஒவ்வொண்ணும் இம்மாம் பெரிசு!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

ஊதா நிறச் சுடர். வெள்ளை ஊசிகள். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"அத்தான், அந்த உரத்துக்கு எங்க லேபுல வேற பேரு."

"என்ன பேரு?"

"வெடியுப்பு."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். இந்தச் செடி மண்ணில் இருக்கிற உப்பையெல்லாம் உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்தச் சாற்றை வற்றக் காய்ச்சினால் உப்பும் சேர்ந்து கெட்டிப்படும். பிள்ளைக்கு ஊட்டுகிறேன் பேர்வழி என்று வாளி வாளியாக வெடியுப்பு ஊற்றி, அதையும் பக்குவமாகக் காய்ச்சி, வெண்ணெய்த்தாள் போட்டு மூடி அனுப்பியிருக்கிறார்கள். எரியாமல் என்ன செய்யும்?

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது, செத்தாலும் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். க்ளுக் என்று ஒரு சத்தம். நானில்லை. அக்கா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குகிறாள்.

"பரிட்சைக்குப் போற பிள்ளைக்கு... வெடி மருந்தை ஊட்டி..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. அத்தான் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாலு மடங்குதானே போட்டேன்?" என்றார். அதற்கு அவரே சிரித்துவிட்டார். சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தமும் கேட்டது. ஒட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

போகும்போது அத்தான் அறிக்கையை மடித்துக்கொண்டே, "இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற லேபுல..." என்று ஆரம்பித்தார். அக்கா பிடுங்கிப் பையில் வைத்தாள். "கம்பெனிக்கு இதையும் அனுப்புறேன், ஏன் இப்படி ஆச்சுன்னு ஒரு கடுதாசியும் அனுப்புறேன். அவங்க வேண்டாம்னா வேண்டாம்." என் அக்கா!

மார்ச் 17, திங்கள்

உரக்கதையை முத்திரையிடம் சொன்னேன். சொல்லலாமா என்று அக்காவிடம் முதலில் கேட்டுக்கொண்டுதான். "இலைப் பொடிக்கு எதுக்குச் சோதனைன்னு நான்தானே கேட்டேன்?" என்றார். ஆமாம் என்று சொல்லாமல் மரியாதையாக நின்றேன். சாதாரணப் பாத்தியிலிருந்து எடுத்த பொடியைப் புதுசாக அனுப்பட்டும், உப்பு எவ்வளவு என்றும் அளந்துவிடலாம், நீங்கள் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று தீர்ப்பு.

மார்ச் 22, சனி

மெழுகுவத்திக் கம்பெனியிலிருந்து அக்காவுக்குப் பதில் வந்துவிட்டது. உண்மையை எழுதியதற்கு நன்றியாம். இந்த மாதிரிச் சாயத்தை வேறு யாரும் தரவில்லை என்பதால் ஏப்ரல் கடைசி வரை காத்திருப்பார்களாம். அதற்குள் நல்ல அறிக்கை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம். அக்கா தொலைபேசியில் இதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். குரலில் பயம் இருந்தது, ஆனால் என்னிடம் வாசித்துக் காட்டினாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

என் முதல் கையெழுத்து இன்று நடந்தேறியது. மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் ஒரு வெள்ளைப் பொடி. கொளுத்தினால் முணுமுணுத்துவிட்டுக் கறுத்துப் போனது, அவ்வளவு நல்ல சுபாவம். கையெழுத்தின் கடைசிச் சுழி நிஜமாகவே வால் மாதிரி வந்துவிட்டது. முத்திரை அதன் பக்கத்திலேயே நச்சென்று குத்தி, "அடித்தல் திருத்தல் இல்ல" என்றார். கடிகாரம் கை தட்டினாள், மூன்று நொடி.

ஏப்ரல் 16, புதன்

கடிகாரம் ஒரு குப்பியைத் துணியால் பொத்தி எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள், திருடியதைக் கொண்டுபோகிறவள் மாதிரி. ஒரு விரல் நுனி சிவப்பு.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றேன்.

"நானும் ஒண்ணும் கொண்டு போகல" என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

காலை ஒப்பிடும் உப்பை எரித்தார்கள். அதே தொண்ணூற்றாறு, பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். பத்தரைக்கு முத்திரையும் கடிகாரமும் மறுபடி உள்ளே போனார்கள். எனக்கு நடைவழியில் வேலை எதுவும் இல்லை. ஆனால் தண்ணீர் எந்திரம் அங்கேதான் இருக்கிறது, எனக்கோ அப்படித் தாகம்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

முப்பது. நாற்பது. டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்தேன். அறுபது, அறுபத்தைந்து. அறுபத்தெட்டில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் இன்னும் எரிகிறது. எண்பது. தொண்ணூறு. டம்ளரில் தண்ணீர் வழிந்து காலில் ஊற்றுகிறது, நகரவில்லை நான். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு! அணையாதே, அணையாதே என்று அந்தப் பல்பைக் கெஞ்சினேன். இரண்டு நிமிடம். மூன்று. கதவு இடுக்கில் புகை வாசனை மட்டும், சோம்பேறிப் புகை. நான்கு நிமிடம் ஆனபோது எனக்குக் கால் வலி, ஆனால் உட்காரத் தோன்றவில்லை.

இப்படியே ஐந்து குவியல். அப்புறம் பொடியைக் கூட்டி, நாரைக் குறைத்து, மறுபடி ஐந்து. மதியச் சாப்பாட்டுக்கு மணி ஒன்றரை ஆகிவிட்டது. கடிகாரம் பசியோடு வெளியே வந்தாள். விதிப்படி என்னிடம் எதுவும் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. என் ஈரச் செருப்பைப் பார்த்துவிட்டு, "உன்னால இன்னிக்கு எனக்கு மூணு மணி நேரம் போச்சு" என்று மட்டும் சொன்னாள். வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு இனிமையாகத் திட்டியதில்லை.

அறிக்கை போய்ச் சேரும்வரை அக்காவிடம் மூச்சு விடக் கூடாது. மறுபடி குளியல் ஆரம்பம்.

ஏப்ரல் 23, புதன்

அக்கா அலுவலகத்துக்கே பேசினாள். பேசவில்லை, சந்தோஷத்தில் கத்தினாள்: "நல்ல பிள்ளைன்னு அறிக்கை வந்துடுச்சுடி!" முத்திரைக்குக்கூடக் கேட்டிருக்கும்.

மே 18, ஞாயிறு

அக்காவும் அத்தானும் வந்தார்கள். கையில் ஒரு பெட்டி. உள்ளே சிவப்பு மெழுகுவத்தி, கம்பெனியின் முதல் வார்ப்பில் ஒன்று. அதன் அடியில் வெண்ணெய்த்தாள் வட்டம், பல்லுப் பல்லாக. ஜன்னலோரத்துக்கு ஒரு சின்னத் தையல் இயந்திரமும் வரப்போகிறதாம், பொடித் தட்டுகள் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போகின்றனவாம்.

"பத்த வை. நீதான் பத்த வைக்கணும்" என்றாள் அக்கா.

நெருப்புக் குச்சியை உரசினேன். அத்தான் மூன்று அடி பின்னால் போனார். என் வீட்டுக்காரர் நான்கு அடி. திரி பிடித்துக்கொண்டது. மஞ்சள் சுடர், சாதாரணமாக, அவசரமே இல்லாமல். பழக்க தோஷத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்க்க, அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். யாருக்கும் கேட்காத குரலில், "ஒண்ணு சொல்லணும். அக்காகிட்டகூட இன்னும் சொல்லல" என்றார்.

"சொல்லுங்க அத்தான்."

"தேனீ வளர்க்கலாம்னு இருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. எத்தனை பெட்டி, எங்கே வைப்பது என்று கேட்டேன். பெட்டிகளை அக்காவின் ஜன்னலுக்கு நேர் எதிரே வைக்கப் போகிறாராம், தைக்கும்போது அவளுக்குப் பொழுது போகுமாம். அப்போது மட்டும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். அத்தான் எழுந்து போகவில்லை. அவரும் சிரித்துக்கொண்டு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மெழுகுவத்தி இதை எழுதும்போதும் எரிந்துகொண்டிருக்கிறது.